தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கு வழிகாட்டி இல்லாமல் நாமே கார் ஓட்டிப் போனால் விலங்குகள் தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். வழிகாட்டி இல்லாமல் போனால் பணம் தண்டம் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகம், மண்சாலையில் 40. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. நாங்கள் எடுத்தது சாதாரணச் சின்னக் கார், ஜீப்பெல்லாம் இல்லை.

பூங்காவுக்குள் தங்குவதற்கு முகாம்கள் உண்டு. ஸ்குகுஸா என்ற முகாமிலிருந்து லோயர் சபி முகாமுக்கு ஆற்றை ஒட்டியே சாலை போகிறது. லோயர் சபிக்குப் பக்கத்தில் சன்செட் டேம் என்ற நீர்த்தேக்கம். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தோம். நீர்யானை முதுகில் ஆமைகள் ஏறி வெயில் காய்ந்தன. அது மூழ்கினால் ஒவ்வொன்றாக வழுக்கி விழும். மேலே வந்ததும் மறுபடி முண்டியடித்து ஏறும். சுற்றுலா வண்டிகளில் வந்தவர்கள் "சிங்கம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கிளம்பிவிட்டார்கள்.

உடனே வழிகாட்டிகளை மட்டம் தட்டுகிறேன் என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையைக் கண்டுபிடிப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது. இருட்டிய பிறகு சொந்த வண்டிக்கு அனுமதியும் இல்லை. ஒரு இரவாவது முகாமே வழிகாட்டியோடு அனுப்பும் வண்டியில் போய் வாருங்கள்.

கன்னத்தில் மதநீர் வழிய ஒற்றை ஆண் யானை சாலையிலேயே நடந்து வந்தால் பேசாமல் ரிவர்ஸ் எடுங்கள். நாங்கள் எடுக்கப் பார்த்தால், பின்னால் இருந்தவர் வீடியோ பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. ஹாரன் அடிக்கவும் வழியில்லை, இறங்கித் திட்டவும் வழியில்லை. நல்லவேளை, யானையே மனசு வைத்துப் புதருக்குள் இறங்கியது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போங்கள். மழை இல்லாமல் புல் காய்ந்து கிடக்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வரும். விடியலில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும். மலேரியா உள்ள பகுதி என்பதால் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். முகாம் அறைகளையும் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

அப்புறம், கார் வாடகை. திருப்பிக் கொடுத்து வீடு வந்து சேர்ந்த பிறகு, 'கீறல்' என்று கார்டில் பணம் பிடித்தார்கள். ஏற்கெனவே இருந்த கீறல் அது! மெயில் மேல் மெயில் அனுப்பியும் பதிலே இல்லை. சாவி வாங்கும்போதே நாலு பக்கமும், பம்பருக்கு அடியிலும், தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.