தன்னார்வப் பணியிலிருந்து சட்டமன்றம் வரை: வாசகியின் கேள்விக்கு ஒரு விளக்கம்

கேள்வி: நான் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் வசிக்கும் 38 வயதுப் பெண். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராகவும், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு உறுப்பினராகவும் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். அடுத்த நகராட்சித் தேர்தலில் நிற்கும்படி அக்கம்பக்கத்தினர் வற்புறுத்துகிறார்கள். என்றாவது ஒருநாள் சட்டமன்றம் வரை செல்ல வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. கட்சியில் சேர வேண்டுமா, சுயேச்சையாக நிற்கலாமா? சங்கப் பொறுப்பை விட்டுவிட வேண்டுமா? கணவர் மாநில அரசு ஊழியர் என்பதால் ஏதேனும் தடை உண்டா?

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் வார்டைத் தாண்டிக் குதித்து நேராகச் சட்டமன்றத்துக்கு முயல வேண்டாம். தன்னார்வப் பணியில் நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் நற்பெயர் உங்களை ஒரு வார்டின் எல்லை வரை கொண்டு செல்லும். அதற்கு அப்பால் செல்ல, உங்களை நேரில் அறியாதவர்களிடமும் உங்களுக்காகப் பேசக்கூடிய ஓர் அமைப்பு தேவைப்படும். கட்சியா, சுயேச்சையா என்ற கேள்விக்கான விடையும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

சமூகப் பணியிலிருந்து அரசியலுக்கு வருவது தமிழகப் பெண்களுக்குப் புதிய பாதை அன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்ட சபையில் 1927 இல் இடம்பெற்று அதன் துணைத் தலைவராகவும் ஆனபோது, அவருக்குப் பின்னால் மருத்துவப் பணி மட்டும் இருக்கவில்லை. 1917 இல் அடையாற்றில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கமும் இருந்தது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் அவையில் தொடங்கிவைத்த முயற்சி முழுமையான சட்டமானது 1947 இல்தான். அவர் 1930 இலேயே பதவி விலகிவிட்ட பிறகும் அந்தக் கோரிக்கை உயிரோடிருந்ததற்குக் காரணம், அவையில் அவர் வைத்த பதிவும் அவைக்கு வெளியே இயங்கிய அமைப்புகளுமே. சமூகப் பணியில் அறியப்பட்ட தாரா செரியன் 1956 இல் சென்னையின் மேயரானார். குளச்சலிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட லூர்தம்மாள் சைமன் 1957 இல் காமராசரின் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைப் பெற்றார். பாதை பழையதாக இருந்தும் நெரிசல் இன்னும் ஏற்படவில்லை என்பதுதான் வருத்தம்: 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர் மட்டுமே.

அதே மாநிலத்தில் உள்ளாட்சியின் நிலை வேறு. அரசமைப்பின் 73, 74 ஆவது திருத்தங்கள் 1993 இல் நடைமுறைக்கு வந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கட்டாயமாயிற்று. தமிழ்நாடு 2016 இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஆகவே, உங்களைப் போன்றவர்களுக்குக் கதவு உண்மையாகவே திறந்திருக்கும் இடம் உள்ளாட்சிதான். நடைமுறையில் பலர் தவறவிடும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இடஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறுவதால், இன்று பெண்களுக்கென இருக்கும் உங்கள் வார்டு பின்னொரு தேர்தலில் பொது வார்டாக மாறலாம். பொது வார்டில் பெண் நிற்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ‘இந்தத் தடவை பொது வார்டு, ஆகவே நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்’ என்று யாரேனும் சொன்னால், அது அவர்களுடைய விருப்பம், விதி அன்று.

தன்னார்வலரின் வேலைக்கும் மன்ற உறுப்பினரின் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் இப்போதே உணர்ந்துகொள்வது நல்லது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்துக்கு முன் இருபது பேரைத் திரட்டி, மண்வெட்டியும் சட்டியுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைத் தூர்வாரிவிடுவது தன்னார்வப் பணி. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே அளவு மண் மீண்டும் சேர்ந்திருக்கும். உறுப்பினராக நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. அந்தக் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது, வழியில் எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, பணம் நகராட்சியின் பொது நிதியிலிருந்தா நிதி ஆணைய மானியத்திலிருந்தா, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா, பணி ஆணை யாருக்கு வழங்கப்பட்டது என்று கேட்க வேண்டும். முடிந்த வேலைக்கு எம்-புக்கில், அதாவது பணி அளவுகளைக் குறிக்கும் பதிவேட்டில், எழுதப்பட்ட நீளமும் ஆழமும் தரையில் உள்ள நீளமும் ஆழமும் ஒன்றுதானா என்று நாடாவைப் பிடித்துப் பார்க்கவும் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி இன்றே கேட்டுப் பெறலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை. கடந்த ஓராண்டின் மன்றத் தீர்மானங்களை வாங்கி, உங்கள் வார்டு எத்தனை முறை இடம்பெற்றிருக்கிறது, எதற்காக இடம்பெற்றிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். தேர்தலில் நிற்பதற்கு இதைவிடச் சிறந்த முன்தயாரிப்பை நான் அறியேன். நகர்ப்புறங்களுக்கென உருவாக்கப்பட்டுள்ள வார்டு குழுவும் பகுதி சபையும் உங்கள் ஊரில் கூடுகின்றன என்றால், அங்கே எழுந்து கேள்வி கேட்டு, அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி கட்சி பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய பதவிகளுக்குத் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னம் கிடையாது, நகராட்சியில் உண்டு. இருந்தாலும் 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் சுயேச்சைகள் பல வார்டுகளில் வென்றார்கள். சில ஆயிரம் வாக்காளர்கள் உள்ள வார்டில், வீடு வீடாகத் தெரிந்த ஒரு முகம் சின்னத்தை எதிர்த்து நிற்க முடியும். நகர்மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உறுப்பினர்கள் என்பதால், சுயேச்சையின் ஒரு வாக்குக்கும் அங்கே மதிப்பு உண்டு. அந்த மதிப்பை உங்கள் வார்டுக்கான பணிகளாக மட்டுமே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் கணக்கு முற்றிலும் மாறிவிடுகிறது. 2021 தேர்தலின்போது ஒரு தொகுதியில் சராசரியாக இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். அந்தத் தேர்தலில் ஒரு சுயேச்சைகூட வெல்லவில்லை. அப்படியே வென்றாலும், அதன்பின் ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித் தாவலைத் தடுக்கும், அரசமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி உறுப்பினர் பதவி போய்விடும்.

ஆகவே, சட்டமன்றமே உங்கள் இலக்கு என்றால் என்றாவது ஒரு நாள் கட்சி வேண்டும். எந்தக் கட்சி என்பது உங்கள் மனச்சாட்சிக்கும் கொள்கைக்கும் உரிய முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். எப்போது, எப்படி என்பதில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வேட்புமனுத் தாக்கலுக்கு மூன்று வாரம் முன்பு உறுப்பினர் அட்டை வாங்குபவருக்கு, கிளையிலும் வட்டத்திலும் உழைத்தவர்கள் மனமாரத் துணைநிற்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. முன்கூட்டியே சேருங்கள். சேர்ந்தவுடன் உங்களை மகளிர் அணியில் வைத்துக் கூட்டங்களுக்குப் பெண்களைத் திரட்டும் பணியை ஒப்படைக்க முனைவார்கள். மகளிர் அணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், வேட்பாளர் தேர்வின்போது உங்கள் பெயருக்கு எதிரே எழுதுவதற்கு எண்கள் இருக்காது. வாக்குச்சாவடி நிலை முகவர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இறந்தவர் யார், இடம் மாறியவர் யார், 18 வயது நிறைந்தும் பெயர் சேராதவர் யார் என்று வீடு வீடாகச் சரிபார்த்த பெண்ணை, மாவட்டச் செயலாளர் எளிதில் ஒதுக்க முடியாது. விருப்ப மனு கொடுத்து நேர்காணலுக்குச் செல்லும் நாளில், சங்கப் பணியின் புகைப்படங்களைவிட அந்தப் பாகத்தின் வாக்குக் கணக்குதான் உங்களுக்காகப் பேசும்.

சங்கப் பொறுப்பு குறித்து: கட்சியில் சேரும் முடிவை எடுத்த அன்றே செயலாளர் பதவியிலிருந்து விலகிவிடுங்கள் என்பது என் ஆலோசனை. பதவி விலகச் சட்டம் எல்லா நேர்வுகளிலும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் சங்கத்தில் வெவ்வேறு கட்சிக்கு வாக்களிப்பவர்கள் ஒரே குடிநீர்க் குழாய்க்காக ஒன்றாக நிற்கிறார்கள். அந்த ஒற்றுமையை உங்கள் தேர்தலுக்காகச் செலவழிப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. சங்கத்தின் வாட்ஸ்அப் குழு, உறுப்பினர் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும் பிரச்சாரத்தின் பக்கமே வரக் கூடாது. பூங்காப் பராமரிப்பு போன்ற ஏதாவது ஒப்பந்தத்தில் நகராட்சியுடன் நீங்கள் கையொப்பமிட்டிருந்தால், அது உங்கள் தகுதிக்கு எதிரான ஆட்சேபனைக்கு இடம் தரும் என்பதால், ஒரு வழக்கறிஞரிடம் அதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை பெறும் அறக்கட்டளை எதிலாவது நீங்கள் இருந்தால் அதிலிருந்தும் விலகுவது நல்லது. வேட்பாளரும் கட்சிப் பொறுப்பாளரும் சட்டமன்ற உறுப்பினரும் அத்தகைய நன்கொடையைப் பெற 2010 ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிக் கவலை வேண்டாம். கல்வி உரிமைச் சட்டமே அந்தக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு இடம் வைத்திருக்கிறது.

கணவரின் அரசுப் பணி உங்கள் போட்டிக்குத் தடையில்லை. தடை அவருக்குத்தான், அதை நீங்கள் இருவரும் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். நடத்தை விதிகளின்படி அரசு ஊழியர் தேர்தல் பிரச்சாரத்தில் ஈடுபட முடியாது. சட்டமன்றத் தேர்தலில் அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளரின் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி முகவராகவோ எண்ணிக்கை முகவராகவோ செயல்பட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. வேட்பாளர் தம் வெற்றிக்காகச் சட்டம் குறிப்பிடும் வகைகளைச் சேர்ந்த அரசு ஊழியரின் உதவியைப் பெறுவது 123 ஆவது பிரிவின்படி முறைகேடாகக் கருதப்பட்டு, வென்ற தேர்தலே செல்லாமல் போகலாம். மாலையில் அவர் உங்களோடு துண்டறிக்கை கொடுக்க வருவது அன்பினால்தான் என்றாலும், அந்தப் புகைப்படம் ஒன்றே உங்கள் வெற்றியை எதிர்த்து நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் தேர்தல் மனுவுக்கு ஆதாரமாகிவிடும். நீங்கள் வென்ற பிறகும் இதே கண்டிப்பு தொடர வேண்டும். பெண் உறுப்பினரின் இருக்கையில் கணவரோ சகோதரரோ அமர்ந்து அதிகாரிகளிடம் பேசுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. உங்கள் கைப்பேசிக்கு வரும் அழைப்பை நீங்களே எடுப்பதும், கோப்பை நீங்களே படித்துக் கையொப்பமிடுவதும் முதல் வாரத்திலேயே நிலைநாட்டப்பட வேண்டிய வழக்கங்கள்.

வேட்புமனு பற்றிய நுணுக்கங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். மற்றவை அந்தந்தத் தேர்தலின் கையேட்டில் தெளிவாக இருக்கும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்றத் தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் என்பதால் படிவங்களும் வரம்புகளும் வேறுபடும். ஒன்றின் அனுபவத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். சட்டமன்றத்துக்கான 26 ஆம் எண் உறுதிமொழிப் பத்திரத்தில் உங்கள் சொத்து, கணவரின் சொத்து, கடன், நிலுவை வழக்கு என்று நீளும் கட்டங்களில் எதையும் காலியாக விடாமல், இல்லாதவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுத வேண்டும். காலிக் கட்டங்கள் மனு தள்ளுபடியாகக் காரணமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013 இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. தேர்தல் முடிவு வெளியான 30 நாள்களுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால், தோற்றவர்கூட மூன்றாண்டுகள் போட்டியிட முடியாதபடி தகுதியிழக்க நேரிடும். பெண் வேட்பாளர்கள் பலருக்குக் கணக்கை உறவினர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பதிவேட்டை இரவுதோறும் நீங்களே பாருங்கள்.

அவதூறைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். மதுரை வில்லாபுரத்தில் 1996 இல் மாமன்ற உறுப்பினராகி, தண்ணீர் வணிகத்தை எதிர்த்துக் குழாய்க் குடிநீருக்காகப் போராடிய லீலாவதி 1997 இல் கொல்லப்பட்டார். உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. மக்களின் தேவையில் பணம் பார்ப்பவர்களின் வழியில் நீங்கள் நிற்கும்போது, எதிர்ப்பு உங்கள் ஒழுக்கத்தின் மீதான வதந்தியாகத் தொடங்கி மிரட்டலாக வளரலாம். முதல் மிரட்டலையே எழுத்துப்பூர்வப் புகாராக்கி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஏற்புச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு, ஒப்பந்தம் போன்ற பிரச்சினைகளில் தனியாகப் பேச்சுவார்த்தைக்குச் செல்லாமல், மன்றத் தீர்மானத்தின் வழியாகவே செல்லுங்கள்.

சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106 ஆவது திருத்தம் 2023 இல் நிறைவேறியிருக்கிறது. அடுத்து வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் அதன் அடிப்படையிலான தொகுதி மறுவரையறையையும் அடுத்தே அது நடைமுறைக்கு வரும் என்று அத்திருத்தமே விதித்திருக்கிறது. அது நடக்கும்போது ஏறத்தாழ 78 தொகுதிகளுக்குக் கட்சிகள் பெண்களைத் தேட வேண்டியிருக்கும். மன்ற அனுபவமும் தொகுதி அறிவும் உள்ள பெண்கள் அப்போது போதுமான எண்ணிக்கையில் இல்லையென்றால், அந்த இடங்கள் தலைவர்களின் குடும்பத்துப் பெண்களுக்கே போய்ச் சேரும். ஆகவே காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்திலேயே உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் சரியான முகவரியில் இருக்கிறதா என்று பாருங்கள், முகவரி தவறாக இருந்தால் 8 ஆம் எண் படிவத்தைக் கொடுங்கள். வீட்டுவரி, குடிநீர் வரி நிலுவைகளைத் தீர்த்து ரசீதுகளை ஒரு கோப்பில் வையுங்கள். மன்றத் தீர்மானங்களின் நகல் கேட்டுத் தகவல் உரிமை மனுவையும் இதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.