மருத்துவக் கேள்வி–பதில்: ‘ஆய்வில் நிரூபணம்’ என்றால் போதுமா?

கேள்வி: எங்கள் அப்பாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை வலியைப் போக்கும் என்று ஆய்வில் நிரூபணமாகியிருப்பதாக உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மருத்துவரோ, ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும் என்கிறார். எதை நம்புவது?
— ஒரு வாசகி, மொடக்குறிச்சி

பதில்: மருத்துவர் சொன்னதே சரி. முறைசார் மீளாய்வு என்று தமிழில் குறிக்கப்படும் இந்த முறையில், கேள்வி என்ன, எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடத் தொடங்குகிறார்கள். கிடைத்தவற்றைக் குறைந்தது இருவர் தனித்தனியே படித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்று மதிப்பிடுகிறார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விற்பவர் எடுத்து நீட்டும் ஒரு விரலியைப் பார்த்து யாரும் விலை சொல்வதில்லை. பல மூட்டைகளில் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் சொல்வார்கள். பலன் தெரிந்த ஆய்வுகள் எளிதில் அச்சேறிவிடுவதும், பலனில்லை என்று முடிந்தவை வெளிவராமலே போவதும் மருத்துவத்தில் நெடுநாளாக உள்ள கோளாறு என்பதால், அச்சேறாதவற்றையும் தேடிப்பிடிப்பது இந்த வேலையின் முக்கியமான பகுதி. நம் நாட்டில் மருந்துப் பரிசோதனைகளைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய 2007-இல் தேசியப் பதிவேடு ஏற்பட்டதும், 2009-இல் அந்தப் பதிவு கட்டாயமானதும் இதற்குப் பெரிதும் துணைசெய்கின்றன.

ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்க்காததன் விலை என்ன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. குறைமாதத்தில் பிரசவமாகும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்பதை நியூஸிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 1972-இலேயே காட்டியது. அடுத்தடுத்துப் பல ஆய்வுகள் வந்தன. ஆனால் அவற்றில் சில சிறியவை, தனித்துப் பார்த்தால் எதையும் உறுதியாகச் சொல்லாதவை. எல்லாவற்றையும் சேர்த்து நோக்கிய மீளாய்வு 1989 வரை வெளிவரவில்லை. அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஊசியின் பலனை முழுமையாக உணரவில்லை. பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் இறந்தன. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது. இத்தகைய மீளாய்வுகளைச் செய்து வெளியிடுவதற்காக 1993-இல் தொடங்கிய காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு, அந்த ஆய்வுகளின் முடிவுகளைக் காட்டும் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

இனி அப்பாருடைய முழங்காலுக்கு வருகிறேன். மூட்டுத் தேய்மான வலி குர்குமினால் ஓரளவு குறைவதாக மீளாய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றில் சேர்ந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, சில வாரங்களோ சில மாதங்களோ மட்டும் நடந்தவை என்பதையும் அவையே சொல்கின்றன. ஆகவே நிரூபணமாகிவிட்டது என்பது மிகை, பயனே இல்லை என்பதும் தவறு. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி அஞ்சவேண்டாம். மாத்திரையின் கதை வேறு: உடலில் கூடுதலாகச் சேரவேண்டும் என்று மிளகுச் சத்தும் கலந்து விற்கப்படும் மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியுள்ளது. அப்பாரு இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரானால், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது. தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. அதை முதலில் தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்தகைய மீளாய்வுகளைச் சாதாரண மக்கள் படிக்க முடியுமா?
— ஒரு மாணவர், கோவை

பதில்: முடியும். காக்ரேன் மீளாய்வுகளுக்கு எளிய நடையிலான சுருக்கம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. படிக்கும்போது, எந்த ஆண்டு வரை வந்த ஆய்வுகளைத் தேடினார்கள் என்பதை முதலில் பாருங்கள். தேடல் பழையதென்றால், அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வு எதுவும் அந்த முடிவில் சேர்ந்திருக்காது.