எட்டு வயர்லெஸ் மைக் வாங்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு பாடசாலையில் நாடகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தமிழ்மொழித்தினப் போட்டிக்கும் ஆண்டு விழாவுக்கும் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடிக்கிறார்கள், ஆனால் நாலாம் வரிசைக்குப் பின்னால் ஒரு வசனமும் விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் மைக் கூ என்று கத்துகிறது. பழைய மாணவர்களும் பெற்றோரும் காசு தரத் தயார். அதில் ஒருவர், நடிக்கிற எட்டுப் பேருக்கும் வயர்லெஸ் மைக் வாங்கித் தருகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?
- நாடகப் பொறுப்பாசிரியை, கொழும்பு 6

பதில்: உடனே சம்மதிக்காதீர்கள் டீச்சர். வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள், அவரை வேறு பக்கம் திருப்பினால் போதும்.

மலிவான வயர்லெஸ் மைக் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை, வைஃபையும் அங்கேதான் ஓடுகிறது. வெறும் மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது அருமையாகக் கேட்கும், சனமும் கைபேசிகளும் நிறைந்த அன்றைக்குப் பார்த்து அறுந்து அறுந்து வரும். அதோடு, திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், கத்தத் தொடங்குவதற்கு முன் கூட்டக்கூடிய அளவில் சுமார் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும். ஒன்று இரண்டாகி, நாலாகி, எட்டையும் திறந்து வைத்தால் 9 டெசிபல் நட்டம். பேசாதவரின் மைக்கை மூடிக்கொண்டே இருக்க நாடகத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் மிக்ஸரில், அதாவது ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் பெட்டியில், இருக்கவேண்டும், இருக்கிறாரா? பற்றரிச் செலவையும் பாருங்கள், பெரும்பாலான செட்டுகளுக்குத் தலா இரண்டு வேண்டும்.

காசு செலவழியாத வேலையை முதலில் செய்யுங்கள். ஸ்பீக்கர்கள் மேடைக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருந்தால் அவற்றின் சத்தமே திரும்ப மைக்குக்குள் போகிறது, கத்துவது அதனால்தான். ஸ்பீக்கர்களை மேடை விளிம்புக்கு முன்னால் கொண்டுவந்து, ஆட்களின் தலைக்கு மேல் உயர்த்தி, பின்வரிசையைப் பார்த்துத் திருப்புங்கள். அப்புறம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடக் கிடைக்கும், அதற்கு ஒரு சதமும் தேவையில்லை. சீமெந்துத் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் பின்சுவரில் தடித்த திரைச்சீலை தொங்கவிடுங்கள், எதிரொலி குறையும். காலி வீதி பஸ்ஸையும் கடற்கரை ரயிலையும் ஒன்றும் செய்ய முடியாது, முக்கியமான வசனத்தில் ஒரு ரயில் வந்தே தீரும்!

அப்படியும் போதாவிட்டால் வாங்குங்கள். நல்ல மிக்ஸர் ஒன்று, மேடை விளிம்பில் வைக்க வயர் மைக் இரண்டு மூன்று, அதிகம் பேசும் பாத்திரங்களுக்குக் கன்னத்தோடு நிற்கிற தரமான யூஎச்எஃப் (வைஃபை ஓடாத வேறு அலைவரிசை) வயர்லெஸ் மைக் இரண்டு. வயர்லெஸ் வாங்கும்போது அந்த அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை விசாரித்துவிட்டு, வாங்குமுன் அதே வகைச் சாமானை ஒருநாள் வாடகைக்கு எடுத்து உங்கள் மண்டபத்திலேயே போட்டுப் பாருங்கள்.

கனடாவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் பெட்டியில் கொண்டுவருகிறேன் என்பார், அது நிச்சயம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. மாற்றுவசதி இல்லாத சாமானை நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. அங்கே அனுமதித்த அலைவரிசை இங்கே அனுமதிக்கப்பட்டதாக இருக்கும் என்றும் இல்லை. காசாகத் தரச் சொல்லுங்கள்.

காசு சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெயர் எழுதி வைக்கலாம் என்பதால் ஸ்பீக்கர் தர எல்லோரும் வருவார்கள், கேபிளும் மைக் ஸ்டாண்டும் தர ஒருவரும் வரமாட்டார்கள். நாடகம் பாதியில் நிற்பது பெரும்பாலும் கேபிளால்தான். ஆகவே சாமான்களைத் தொகுதியாகக் கட்டுங்கள்: ஒரு மைக் என்றால் அதன் ஸ்டாண்டும் கேபிளும் உறையும் சேர்த்தே ஒரு பங்கு. பங்குகளை பேட்ச் வாரியாகக் கொடுங்கள். பக்கத்து பேட்ச் தந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், கொழும்பில் இது நன்றாகவே வேலை செய்யும். பணம் உங்கள் கைக்கோ உங்கள் சொந்தக் கணக்குக்கோ வரவே கூடாது. அதிபரின் எழுத்து அனுமதியோடு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குப் போகட்டும், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள், வாங்கியதைப் பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற்றுங்கள். சேருவதில் ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கென்று தொடாமல் வையுங்கள், கடற்காற்று உங்கள் பக்கம் இணைப்பு முனைகளைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்.

மிக்ஸரை இயக்க நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளில் இருவரைப் பழக்குங்கள். ஒருவர் தரம் 9 ஆக இருக்கட்டும், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருவரும் ஒன்றாகப் போய்விட்டால் அடுத்த வருடம் நீங்கள்தான் மிக்ஸர் முன்னால் நிற்பீர்கள்.

கேள்வி: வீட்டில் சும்மா கிடக்கிற ஹோம் தியேட்டர் செட்டை மகளின் பாடசாலை மண்டபத்துக்குக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: மண்டபத்துக்கு வேண்டாம் அக்கா. அது வரவேற்பறைக்குச் செய்த சாமான், மண்டப அளவுக்கு முறுக்கினால் முதலில் இரையும், பிறகு எரியும். ஒத்திகை அறையில் பாட்டுப் போட நன்றாகவே போதும், அதற்கென்று சொல்லியே கொடுங்கள்.