முகம் தெரியாதவரின் வசை மூன்று வாரமாக மண்டையில் ஓடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 34. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வருடமாக யூடியூபில் கட்டிங், தையல் சொல்லித் தரும் வீடியோவும் போடுகிறேன். சமீபத்தில் ஒரு வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் நிறத்தையும் பேச்சையும் வைத்துக் கேவலமாக எழுதுகிறார்கள். 'கை வச்ச இடம் பூரா சுருக்கம், இந்த மூஞ்சிக்கு யூடியூப் ஒரு கேடு' என்று ஒருவர் எழுதியது மூன்று வாரமாக மண்டையில் ஓடுகிறது. என் நாத்தனார் அதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்புகிறார். வீட்டுக்காரர் 'விட்டுத் தொலை' என்கிறார். ராஜபாளையத்தில் இருந்து ஓர் அக்கா, என் வீடியோ பார்த்துத் தைத்த முதல் ஜாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அது மறந்துபோகிறது, இது மறக்க மாட்டேன் என்கிறது. மெஷின் முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை. எப்படி மனதைத் தேற்றிக்கொள்வது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு வலிகள் தெரிகின்றன. வசை ஒன்று. 'யாரோ ஒருத்தன் எழுதியதற்குப் போய் இப்படி உடைகிறோமே' என்ற வெட்கம் இன்னொன்று. அந்த இரண்டாவதை முதலில் இறக்கி வைத்துவிடலாம்.

ஒதுக்கப்படும்போது மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்று கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் நீண்ட காலமாக ஆராய்ந்தவர். கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடுவது போல ஒரு சோதனை. கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தே தர மாட்டார்கள். அவ்வளவுதான், அந்தச் சின்ன விளையாட்டிலேயே மனம் சுருங்கிவிடுகிறது. 2004-இல் வெளிவந்த ஆய்வில், எதிரே ஆடுவது மனிதர்களே இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்போதும் வலித்தது. 2007-இல் இன்னும் ஒரு படி மேலே போய், தாங்கள் வெறுக்கும் இனவெறிக் கும்பலைச் சேர்ந்தவர்கள் ஒதுக்குவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவும் வலித்தது. ஒதுக்கப்பட்டால் மனம் முதலில் பதறுகிறது. ஒதுக்கியவர் யார், அவர் மதிக்கத் தக்கவரா என்ற கணக்கை அதற்குப் பிறகுதான் போடுகிறது. ஆகவே நீங்கள் பலவீனமானவர் என்று நினைக்க வேண்டாம். 'தோல் தடித்திருக்க வேண்டும்' என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

ராஜபாளையத்து அக்கா மறந்துபோவதற்கும் காரணம் உண்டு. நல்லதைவிடக் கெட்டதே மனதில் ஆழமாகப் பதிகிறது என்பதை, ராய் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2001-இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். கெட்டது தானாக நிற்கும். நல்லதை நாம்தான் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த ஜாக்கெட் போட்டோவைப் பிரிண்ட் போட்டு, மெஷினுக்கு மேலே, ஊசியில் நூல் கோர்க்க நிமிரும்போது கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் போனுக்குள் கிடக்கிற போட்டோவை, மனம் சோர்ந்திருக்கும் நாளில் நீங்கள் தேடிப் போய்ப் பார்க்க மாட்டீர்கள்.

சரி, அந்த வசைக்கு வருவோம். நீங்கள் எழுதி அனுப்பியதாலேயே எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. 'கை வச்ச இடம் பூரா சுருக்கம்' என்பது ஜாக்கெட்டில் கை இணைத்த தையலைப் பற்றியது. மீதி உங்கள் முகத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதால் இரண்டும் ஒன்றாக வலிக்கிறது. பிரித்துப் பாருங்கள். நீங்களே அந்த வீடியோவைப் போட்டு, தோள்பட்டைப் பக்கம் நிறுத்திப் பாருங்கள். சுருக்கம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால், கைத்துணியின் வளைவும் உடம்புத்துணியின் வளைவும் அளவு ஒத்துப்போகவில்லை. சரிசெய்யும் வழி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விழவில்லை என்றால் அந்தப் பாதியும் பொய். எப்படியானாலும் முகத்தைப் பற்றிய பாதியில் நீங்கள் திருத்திக்கொள்ள ஒன்றுமே கிடையாது. எந்த விமர்சனம் வந்தாலும் இந்த ஒரு கேள்வி போதும்: இதை வைத்து நாளைக்கு என் வேலையில் எதையாவது மாற்ற முடியுமா? முடிந்தால் ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள், அதுவும் உங்கள் வார்த்தையில். 'கை வளைவு அளவைச் சரிபார்க்க வேண்டும்' என்று எழுதினால் போதும். அவருடைய வார்த்தைக்கு அந்த நோட்டில் இடம் இல்லை.

அப்புறம், பதில் எழுதாதீர்கள். நியாயத்தைச் சொல்லிப் புரியவைக்கலாம் என்று தோன்றும். இணையத்தில் முகம் மறைந்திருப்பதும், எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டியிராததும் மனிதர்களின் கூச்சத்தை எடுத்துவிடுகின்றன என்று ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-இலேயே விளக்கமாக எழுதியிருக்கிறார். தெருவில் உங்களைப் பார்த்தால் 'அக்கா, ஒரு ஜாக்கெட் தைக்கணும்' என்று மரியாதையாகக் கேட்கிற ஆளாகக்கூட அந்த வசையை எழுதியவர் இருக்கலாம். உங்கள் விளக்கம் அவருக்கு இன்னொரு சுற்று விளையாட்டு, உங்களுக்கு இன்னொரு தூங்காத இரவு.

செய்ய வேண்டிய வேலை யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் இருக்கிறது. தடுக்க வேண்டிய சொற்களைப் பட்டியலாகக் கொடுக்கும் இடம் அங்கே உண்டு. அந்தச் சொல் உள்ள கமெண்டுகள் உடனே வெளியே தெரியாமல், உங்கள் பார்வைக்காக நிறுத்தி வைக்கப்படும். நிறத்தையும் உடலையும் வைத்துத் திட்டும் சொற்களைத் தமிழ் எழுத்தில் போடுங்கள். பிறகு அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் சேருங்கள். பலர் இதை மறந்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். திரும்பத் திரும்ப எழுதுகிறவரைச் சேனலில் இருந்தே மறைத்துவிடலாம். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. அவர் எழுதுவது மற்றவர்கள் கண்ணில் படாது. நிறுத்தி வைத்தவற்றை நீங்கள் பார்க்க வேண்டாம். தங்கையோ தோழியோ வாரம் ஒருமுறை பார்த்து, தையல் பற்றி உருப்படியாக ஏதாவது இருந்தால் மட்டும் சொல்லட்டும். ராத்திரி படுக்கையில் போனை எடுத்து இதைத் திறக்கவே கூடாது என்று இன்றைக்கே ஒரு முடிவு எடுங்கள்.

மிரட்டல், ஆபாசம், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை என்று போனால் வழி வேறு. அழிக்காதீர்கள். தேதி, கணக்கின் பெயர், இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மாவட்டத்தில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு. பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதும், மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 78, 79-ஆம் பிரிவுகளில் குற்றங்கள்.

உங்கள் நாத்தனாரிடம் நேரில் பேசுங்கள். 'அண்ணி, நீங்க அக்கறையிலதான் அனுப்புறீங்க. ஆனா அதைப் பார்த்தா எனக்கு ரெண்டு நாள் வேலை ஓடல. இனிமே அனுப்பாதீங்க' என்று சொன்னால் போதும். வீட்டுக்காரரிடமும், 'விடவா வேண்டாமா என்று கேட்கவில்லை, கஷ்டமாக இருக்கிறது, கொஞ்சம் காது கொடுங்கள்' என்று கேளுங்கள். அவர் 'விட்டுத் தொலை' என்பது, நீங்கள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வருகிற பேச்சாக இருக்கலாம்.

இனி ஊக்கம் பற்றி. மனம் முதலில் தெளிய வேண்டும், அப்புறம்தான் மெஷினில் உட்கார முடியும் என்று காத்திருக்கிறீர்கள். நான் பார்த்தவரை அது பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று துபாயில் நடந்த ஆசியக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம் நினைவிருக்கலாம். பாகிஸ்தானுக்கு எதிராக 18-ஆவது ஓவரில் இந்தியப் பந்துவீச்சாளர் அர்ஷ்தீப் சிங் ஒரு எளிய கேட்ச்சைத் தவறவிட்டார். இந்தியா தோற்றது. அன்றிரவே அவரைத் துரோகி என்று வசைபாடி இணையம் கொந்தளித்தது. பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு: கேட்ச்சை விட்ட அதே அர்ஷ்தீப்தான் கடைசி ஓவரை வீசினார். 7 ரன்களைக் காக்க வேண்டிய ஓவரை ஐந்தாவது பந்து வரை இழுத்தார், தான் கேட்ச் விட்ட ஆசிப் அலியை அந்த ஓவரிலேயே ஆட்டமிழக்கவும் செய்தார். மனதைத் தேற்றிக்கொள்ள அவருக்கு நேரம் இருந்திருக்காது, கையில் அடுத்த பந்து இருந்தது. ஆட்டம் முடிந்ததும் விராட் கோலி அவருக்காக வெளிப்படையாகப் பேசினார். ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 23 அன்று மெல்போர்னில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக, அர்ஷ்தீப் தன் முதல் பந்திலேயே அந்த அணியின் கேப்டன் பாபர் ஆசமை வீழ்த்தினார்.

உங்களுக்காகப் பேசவும் ஆள் உண்டு. ராஜபாளையத்து அக்காவுக்கு 'மனசு சரியில்லை அக்கா' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

தூக்கமும் பசியும் இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, தள்ளிப்போடாமல் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

நாளைக்குக் காலையில் கேமராவை வைக்க வேண்டாம். பழைய துணியில் ஒரு ஜாக்கெட் கையை வெட்டி, அரை மணி நேரம் இணைத்துத் தைத்துப் பாருங்கள். சுருக்கம் விழாமல் வருகிற வரை பிரித்து மறுபடி தையுங்கள். மனம் ஒப்பும் நாளில், கை வைக்கும்போது சுருக்கம் ஏன் விழுகிறது என்பதையே அடுத்த வீடியோவாகப் போடுங்கள். அந்தச் சந்தேகத்தோடு மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் நிறைய இருப்பார்கள்.