மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவருக்கு எலெக்ட்ரிக் வாகனத் துறையில் இடம் உண்டா?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறீர்கள், எலெக்ட்ரிக் வாகன வேலைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். பேட்டரியிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

பேட்டரி பேக்கின் உறை, வெப்பம் வெளியேறும் வழி, அதிர்வைத் தாங்கும் அமைப்பு, தண்ணீர் புகாத மூடி எல்லாமே மெக்கானிக்கல் வேலைதான். அப்புறம் பேக்குக்குள் அடுக்கியிருக்கும் சிறு மின்கலமான செல்லின் அடிப்படையைப் படியுங்கள்: எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 3.2 வோல்ட், என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) செல் ஏறக்குறைய 3.7 வோல்ட். பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பான பிஎம்எஸ், செல்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனித்து, எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும். ஏன் துண்டித்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் சர்வீஸ் சென்டரும் ஆலையும் தேடுகின்றன. அதற்கு, வண்டியின் மின்னணுப் பாகங்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் இணைப்பான கேன் பஸ் தெரிய வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் போன்ற வண்டிகளின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகளையும் புரட்டுங்கள். ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு 2022இல் கடுமையாக்கப்பட்டவை அவை.

ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ், போச்சம்பள்ளியில் ஓலா, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்று ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அப்ரெண்டிஸ் வாய்ப்பு வந்தால் சம்பளம் குறைவு என்று தள்ளாதீர்கள்.

கார் பேக் பல நூறு வோல்ட். பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் தயவுசெய்து திறக்க வேண்டாம். கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், கழற்றிப் பழக அங்கே உண்மையான பேக் இருக்கிறதா என்று கேளுங்கள்.