தெர்மோஸ்டாட்டை நானே மாற்றலாமா? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் நாலை மட்டும் எடுத்திருக்கிறேன். மினசோட்டாவில் ஒரு மகன் வீடு, கே.புதூரில் ஒரு கீசர், உசிலம்பட்டியில் கோழிமுட்டை, அண்ணா நகரில் ஒரு ஏசி. நாலு பேருக்கும் பிரச்சினை ஒரே சாமான்தான்: சூட்டை அளந்து ஹீட்டரையோ ஏசியையோ தானே போட்டு அணைக்கிற தெர்மோஸ்டாட்.

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நானும் வீட்டம்மாவும் அடுத்த மாதம் அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். அவன் சொந்த வீடு, ஹால் சுவரில் வட்டமாக ஒரு பழைய தெர்மோஸ்டாட். நேரம் குறித்து வைத்தால் வீட்டுச் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கிற புதிய மாடல் ஒன்றை வாங்கிவிட்டான், ஆள் கூலி அதிகம் என்று மாட்டாமல் கிடக்கிறது. நான் மாட்டித் தருகிறேன் என்றால், "அப்பா, நீங்க தொடாதீங்க, இங்க வயரிங் வேற" என்கிறான். ஒரு சுவிட்சை மாற்றுவது அவ்வளவு பெரிய வித்தையா சார்? — ஒரு வாசகர், திருநகர், மதுரை

பதில்: வித்தையெல்லாம் இல்லை அண்ணே, தாராளமாக மாற்றலாம். ஆனால் பையன் சொல்வதும் பொய்யில்லை. நீங்கள் பழகியது 230 வோல்ட்டும் 440 வோல்ட்டும். அங்கே அந்தச் சுவர் டப்பாவுக்கு வருவது பெரும்பாலும் 24 வோல்ட் ஏசி கரண்ட். வீடு முழுக்கச் சூடாக்குகிற ஃபர்னஸுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்து 120 வோல்ட்டை 24 ஆக இறக்கிக் கொடுக்கும், தெர்மோஸ்டாட் அந்த 24 வோல்ட் வருகிற வயரை வேறொரு வயரோடு சேர்க்கும், அப்புறம் பிரிக்கும். அதன் வேலை அதோடு முடிந்தது.

உங்களுக்கு இடறப்போவது நிறமும் எழுத்தும்தான். நம் ஊரில் பச்சை வயரைப் பார்த்தால் கை தன்னாலே எர்த்துக்குப் போகும். அங்கே பச்சை, ஜி என்று எழுதிய முனைக்கு வரும், அது ஃபேன். ஆர், ஒய் என்று முனைகளைப் பார்த்ததும் நம் மூணு ஃபேஸின் ஆர்–ஒய்–பி ஞாபகம் வரும், ஹீட் பம்ப் (ஏசியையே திருப்பி ஓட்டிச் சூடாக்குகிற மெஷின்) வைத்த வீடாக இருந்தால் பக்கத்திலேயே பி கூட இருக்கும், கேட்கவே வேண்டாம். அங்கே ஆர் என்பது 24 வோல்ட் வருகிற வழி, டபிள்யூ சூட்டுக்கு, ஒய் கூலிங் கம்ப்ரஸருக்கு, பி அல்லது ஓ என்பது ஹீட் பம்ப்பில் சூடு–குளிர் திசை மாற்றும் வால்வுக்கு, சி என்பது டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனை. இதிலும் நிறத்தை முழுசாக நம்பாதீர்கள். முன்னால் வேலை பார்த்தவர் கையில் கிடைத்த வயரை மாட்டியிருப்பார். பழைய தெர்மோஸ்டாட்டில் எந்த எழுத்துக்கு எந்த வயர் போகிறதோ அதுதான் கணக்கு. கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் கிட்டத்தில் வைத்து இரண்டு படம் எடுங்கள், ஒவ்வொரு வயரிலும் எழுத்தை எழுதி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

அதற்கும் முன்னால் பிரேக்கரை அணைக்க வேண்டும். 24 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகிறது என்று விட்டுவிடுவார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் ஆர் வயர் சி வயரைத் தொட்டால் ஃபர்னஸ் போர்டில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடும். கார்களில் வருகிற அதே தட்டை ஃப்யூஸ்தான், விலை பெரிசில்லை, ஆனால் அது போனது தெரியாமல் "புது தெர்மோஸ்டாட்டே டெட்" என்று திருப்பி அனுப்பியவர்கள் நிறைய. அதே மாதிரி ஃபர்னஸ் கதவைத் திறந்து பார்த்தால் சரியாக அழுத்தி மூடுங்கள். கதவுக்குள் ஒரு சின்ன சேஃப்டி சுவிட்ச் இருக்கிறது, அது அமுங்காவிட்டால் எதுவும் ஓடாது.

மூடியைக் கழற்றியதும் மெல்லிசு வயர்களுக்குப் பதிலாக தடித்த வயர் இரண்டோ நாலோ, முறுக்கிப் போட்ட பிளாஸ்டிக் மூடியோடு இருந்தால் மூடியை மறுபடி மாட்டிவிட்டு எழுந்துவிடுங்கள். அது சுவரோர மின்சார ஹீட்டருக்கு நேராகப் போகிற 120 அல்லது 240 வோல்ட். பையன் வாங்கி வைத்திருக்கும் 24 வோல்ட் சாமான் அதற்கு ஆகாது.

வட்ட வடிவம், பழசு என்கிறீர்கள். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாயும் அதில் வெள்ளியாய் ஒரு சொட்டும் ஓடினால் அது பாதரசம். குழாயை உடைக்காமல், பேரப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பையில் போடக்கூடாது, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் புதுசு ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிகிற வரைக்கும் பழசைக் கொடுத்துவிட வேண்டாம்.

அடுத்தது சி வயர். பழைய தெர்மோஸ்டாட்டுக்கு அது தேவைப்படாது, அதனால் மாட்டாமல் விட்டிருப்பார்கள். பேட்டரியில் ஓடும் புது மாடல் என்றால் கவலை இல்லை. வைஃபை மாடலாக இருந்தால் அனேகமாகக் கேட்கும். கவலைப்படுவதற்கு முன்னால் சுவர் ஓட்டைக்குள் பாருங்கள், உபயோகிக்காத வயர் ஒன்று மடங்கி உள்ளே கிடக்கும். இருந்தால் அதை இங்கே சி முனையிலும், ஃபர்னஸ் போர்டில் சி முனையிலும் மாட்டினால் தீர்ந்தது. வயர்களை ஒரு பென்சிலில் சுற்றி வைத்துவிட்டு வேலை பாருங்கள், வழுக்கிச் சுவருக்குள் விழுந்தால் மீன் பிடிக்கிற கதைதான். முடிந்ததும் அந்த ஓட்டையைக் கொஞ்சம் பஞ்சு வைத்து அடையுங்கள், சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று வந்து சென்சாரில் பட்டால் ஹால் சூடாக இருக்கும்போதே ஃபர்னஸ் ஓடும்.

இந்த வேலையைப் பகலில், கடை திறந்திருக்கிற நேரத்தில் ஆரம்பியுங்கள். அந்த ஊர்க் குளிரில் ராத்திரி முழுக்க ஃபர்னஸ் ஓடாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து குழாயே வெடிக்கலாம். மாட்டியதும் சூட்டை மட்டும் சோதித்தால் போதும். வெளியே குளிராக இருக்கும்போது ஏசி வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள், அது கெட்டுப்போகலாம்.

சரி, மாட்டியாயிற்று, நேரம் எப்படிக் குறிப்பது? ஒரு நாளில் 8 மணி நேரம் 7 முதல் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைத்து வைத்தால் சூட்டுக்கும் குளிருக்கும் ஆகிற வருஷச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சம் ஆகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இது வீடு பூட்டிக் கிடக்கிற நேரத்துக்கும், எல்லாரும் தூங்குகிற நேரத்துக்கும் சொன்ன கணக்கு. நீங்கள் இரண்டு பேரும் பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறீர்கள். மகன் 68-ல் வைத்திருப்பான், அது நம் கணக்கில் 20 டிகிரி, மதுரைக்காரருக்கு மார்கழி விடியல் மாதிரிக் குளிர். பகல் பட்டியலை விட்டுவிட்டு ராத்திரி படுத்தபின் மட்டும் குறைகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். குளிர் தாங்காமல் 'ஹோல்ட்' பொத்தானை அழுத்தி 75-ல் நிறுத்திவிட்டால் குறித்து வைத்ததெல்லாம் வீண், பில் வந்த பிறகு வீட்டில் பஞ்சாயத்து நடக்கும்.

கேள்வி: எங்கள் கீசரில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது, அடியில் இருக்கும் வால்வில் ஆவியோடு ஒழுகுகிறது. பார்க்க வந்தவர் தெர்மோஸ்டாட் போய்விட்டது, இப்போதைக்கு ஓட்டுங்கள் என்று ஏதோ ஒன்றைக் கழற்றி வயரை நேராகச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். டவுன்ஹால் ரோட்டில் உதிரி பாகம் கிடைக்கும் என்கிறார்கள். நானே வாங்கி மாற்றலாமா? — ஒரு வாசகி, கே.புதூர்

பதில்: அம்மா, முதலில் அந்த கீசரின் எம்சிபியை (மெயின் போர்டில் இருக்கும் அதன் சுவிட்சை) இறக்கிவிடுங்கள். இதைப் படித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்க வேண்டாம்.

அவர் கழற்றியது அனேகமாக தெர்மல் கட்-அவுட். தெர்மோஸ்டாட் அணையாமல் ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போனால் கரண்டை வெட்டுகிற கடைசிக் காவல் அதுதான். அதை நேராகச் சேர்த்துவிட்டால், மூடிய டாங்கியில் கொதிக்கிற தண்ணீருக்கும் உங்களுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது அந்த ஒழுகுகிற வால்வு மட்டும். அதையும் உப்பு அடைத்துவிட்டால் டாங்கி வெடிக்கும். தண்ணீர் சூடாகும்போது வால்வில் ஒன்றிரண்டு சொட்டு வருவது சகஜம், ஆவியோடு வருவது சகஜமில்லை.

மினசோட்டா அண்ணனுக்குச் சரி என்றேன், உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். அங்கே 24 வோல்ட். இங்கே 230 வோல்ட், 2000 வாட், கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அந்தத் தெர்மோஸ்டாட் வழியாகவே போகிறது, அதுவும் ஈரமான குளியலறையில். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று சிலதைப் பாருங்கள். பழைய தெர்மோஸ்டாட் கம்பியின் நீளமும் ஆம்பியரும் புதுசிலும் அதே அளவா? புதுக் கட்-அவுட் மாட்டினாரா? டெர்மினல் கருகியிருந்தால் அந்த வயர் முனையை வெட்டிப் புது லக் (முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டாரா? மீட்டர் வைத்திருந்தால் தண்ணீரைச் சூடாக்குகிற காயிலை அளக்கச் சொல்லுங்கள், 2000 வாட் காயில் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். நம் ஊர் போர் தண்ணீருக்கு காயிலில் வெள்ளையாக உப்பு கட்டியிருக்கும், திறந்த கையோடு அதையும் எடுத்துவிட்டு டாங்கி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மக்னீசியம் ராடு கரைந்துவிட்டதா என்றும் பார்த்துவிடலாம். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும், கரண்ட் கசிந்தால் தானே வெட்டுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாவிட்டால் அதையும் இந்தச் சாக்கில் முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: 16 ஆம்பியர் தாங்கும் டைமர் சுவிட்ச். விடியற்காலை அரை மணி நேரம் மட்டும் ஓடுகிற மாதிரி குறித்துவிட்டால் யாரும் அணைக்க மறந்தார்கள் என்ற பேச்சே வராது. 6 ஆம்பியர் பிளக் டைமரை வாங்கி மாட்டாதீர்கள், உருகிவிடும்.

கேள்வி: பெருவிடை முட்டை பொரிக்க வைக்க தெர்மாக்கோல் பெட்டியில் பல்பு போட்டு இன்குபேட்டர் செய்தேன். சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்கிற டபிள்யூ 1209 என்ற சின்ன போர்டை மாட்டி 37.5 வைத்தேன். ஆனால் உள்ளே 35.5-க்கும் 39-க்கும் நடுவில் ஆடுகிறது, பாதிக் குஞ்சு கூட வரவில்லை. போர்டு டூப்ளிகேட்டா? — ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: போர்டு நல்ல போர்டுதான் தம்பி, அது நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறது. வாங்கும்போது அதில் பி1 என்ற அளவு 2 டிகிரியில் இருக்கும். 37.5-ல் பல்பை அணைத்துவிட்டு, 35.5-க்கு இறங்கினால்தான் மறுபடி போடும் என்று அர்த்தம். அணைத்த பிறகும் பல்பின் சூடு கொஞ்சம் ஏற்றிவிடும், அதனால்தான் 39. செட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பி0 வரும், அது எச் என்று இருக்கிறதா பாருங்கள், சூடாக்குவதற்கு அதுதான். அப்புறம் பி1-ஐ 0.2 அல்லது 0.3 ஆக்குங்கள். சுழியம் நோக்கி ரொம்பக் குறைத்தால் பல்பைப் போட்டு அணைக்கிற ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்து சீக்கிரம் தேயும்.

பாதி வேலைதான் முடிந்தது. சென்சார் எங்கே இருக்கிறது? பல்புக்குப் பக்கத்தில் தொங்கினால் பல்பின் சூட்டைத்தான் அளக்கும், முட்டையின் மேல்மட்டத்துக்கு, நேர் வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் உள்ளே ஓடவே வேண்டும், 37.5 என்ற கணக்கே காற்று சுற்றுகிற பெட்டிக்குத்தான். காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் சென்சாரோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை பி4-ல் கொடுத்துச் சரிசெய்யலாம். முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் காலிப் பெட்டியை ஓட்டிப் பாருங்கள்.

18-ஆம் நாள் வரை முட்டையைத் திருப்ப வேண்டும், அதன் பிறகு தொடக்கூடாது, தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். போர்டும் ஃபேனும் 12 வோல்ட் என்பதால் பேட்டரியில் ஓடும். பல்பு மட்டும் 230 வோல்ட் என்றால் கரண்ட் போகும்போது சூடு போய்விடும், 12 வோல்ட் பைக் பல்பு இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா? — ஒரு வாசகர், அண்ணா நகர்

பதில்: சாதாரண ஏசியில் அதனால் சீக்கிரம் குளிராது. கம்ப்ரஸர் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், 18 என்று சொன்னதால் வேகமாக ஓடத் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் மாற்றுகிறீர்கள். கம்ப்ரஸர் வேகத்தை மாற்றத் தெரிந்த இன்வெர்ட்டர் ஏசி கொஞ்சம் முடுக்கி ஓடும், ஆனால் 24 என்று வைத்தாலும் அறை கொதிக்கிற நேரத்தில் அது முடுக்கித்தான் ஓடும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறி பெற்ற ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்கும்படி விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பிஇஇ) சொல்லும் கணக்கு. ராத்திரிக்கு ரிமோட்டில் ஸ்லீப் பொத்தான் இருக்கிறது, படுத்தபின் அதுவே ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிக்கொள்ளும். 24-ல் குளிரவே இல்லை என்றால் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசி நிழலில் காயவைத்து மாட்டுங்கள், அறையின் சூட்டை அளக்கிற சென்சார் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அப்படியும் குளிரவில்லை என்றால் மட்டும் மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.