நில அளவைப் பட்டப் பயிற்சி: கடன் தேவையில்லை, முதலில் வேலை தேடுங்கள்

வணக்கம் ஐயா. லண்டனில் ஏ லெவல் படிக்கும் உங்கள் மகள் நில அளவையில் பட்டத் தொழிற்பயிற்சி செய்ய விரும்புகிறார், அதற்கு யூகாஸ் என்ற பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு வழியாக விண்ணப்பித்துக் கல்விக் கடன் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

இரண்டும் தேவையில்லை. இங்கிலாந்தில் இந்தப் பாதையில் முதலில் வேலை, அதன் வழியாகத்தான் பல்கலைக்கழகம். விண்ணப்பத்தை அளவை நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். கட்டணத்தை நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்ளும். மகளுக்குச் சம்பளமும் உண்டு. வசிப்பிடத் தகுதி விதியை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள். பொதுவாக மூன்று ஆண்டுகள் ஐக்கிய இராச்சியத்தில் வசித்திருக்க வேண்டும்.

இடங்கள் குறைவு என்பதுதான் உண்மையான சிக்கல். ஆகவே ஆறாம் நிலைப் பட்டப் பயிற்சிக்கு மட்டும் காத்திருக்காமல், ஏ லெவலுக்கு இணையான மூன்றாம் நிலை அளவைத் தொழில்நுட்பர் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைச் சுமந்து மழையில் நின்று பழகியவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது. வழக்கமான யூகாஸ் விண்ணப்பம் மாற்று வழியாக இருக்கட்டும்.

நேர்முகத்துக்குச் சான்றிதழ்க் கட்டைவிட ஒரு வரைபடம் உதவும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 'டெரெய்ன் 50' நில உயரத் தரவும் இலவசம். உங்கள் பகுதியின் சமவுயரக் கோட்டுப் படத்தை மகளே வரையட்டும். எந்த ஆயத்தொலைவு முறை என்று கேட்டால், 'பிரிட்டிஷ் நேஷனல் கிரிட்' என்று தயங்காமல் சொல்ல வேண்டும்.